கானல்வரியும் கைமாறிய பாட்டும்

பாட்டைத் தனித்திருந்து நுகர்வார் சிலர். தாம் நுகர்ந்ததைப் பிறர் செவியிலும் பெய்துவிடத் துடிப்பார் பலர். யான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். இசைநூற் புலமை எனக்கு இல்லை. பகல் முழுதும் கோப்புகளோடு காலங்கழிக்கும் அரசு எழுத்தன். ஆயினும் மனத்துக்கு உகந்த பாட்டொன்று கிடைத்தால், அதை நாலு பேருக்குக் கொடுத்தாலன்றி உறக்கம் வாராத பழக்கம் இளமையிலேயே தொற்றிக்கொண்டது.

1990-களின் தொடக்கத்தில் எங்கள் ஊர்க் கேசட்டுக் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால், 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் நாடாவில் பதிந்து தருவார்கள். அட்டையின் முதுகில் ‘சோகம்’, ‘காதல்’, ‘தத்துவம்’, ‘பக்தி’ என்று எழுதியிருக்கும். கேசட்டு மறைந்து, பாட்டெல்லாம் செல்பேசிக்குள் புகுந்த பின்னும் அந்தப் பெயர்ச்சீட்டு மட்டும் போகவில்லை. இன்ன பாட்டு இன்ன உணர்ச்சிக்கு என்று முன்னரே முடிவுகட்டி நண்பருக்கு அனுப்புகிறோம். அனுப்பிய உணர்ச்சிதான் சென்று சேர்ந்ததா என்று கேட்பார் இல்லை. சேராமற்போனால் விளையும் கேடு எத்தகையது என்பதை நம் மொழியின் காப்பியம் ஒன்று காட்டியிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியை இந்நோக்கில் படித்துப் பார்ப்பதே ஈண்டு என் முயற்சி.

அதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்று. தலைநகரில் எங்கள் பிரிவில் பணியாற்றிய வங்காளத்து மூத்தவர் ஒருவரை நாங்கள் அனைவரும் ‘தாதா’ என்றே அழைப்போம். நல்ல இசைச் செவியுடையவர். 2018-ஆம் ஆண்டு அவர் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. “உங்கள் பக்கத்து மங்கல இசை எப்படியிருக்கும்? ஒன்று கொடு தம்பி” என்று கேட்டார். மங்கலம் என்றால் நாகசுரம். நாகசுரம் என்றால் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை. அவர் என்றால் தோடி. இதில் எனக்கு ஐயமே எழவில்லை. இசைத்தட்டிலிருந்து எடுத்த அந்தத் தோடி ஆலாபனையை அவர் செல்பேசியில் ஏற்றிக்கொடுத்தேன். மறுநாள் காலை வந்தவர் பாதி சிரிப்பும் பாதி கலக்கமுமாக, “மகள் இன்னும் மணவறைக்கே வரவில்லை. அதற்குள் வழியனுப்பி வைத்துவிட்டாயே, தம்பி!” என்றார்.

காரணம் பிறகே விளங்கிற்று. நாம் தோடி என்று வழங்கும் இராகத்தின் சுரங்கள் வடக்கே பைரவி என்று வழங்குவதன் சுரங்கள். அவர்கள் தோடி என்பதோ நம் சுபபந்துவராளியை ஒத்தது. பைரவியைக் கச்சேரியின் கடைசியில் பாடுவது அவர்கள் மரபு; விடைபெறும் வேளையின் இராகம் அது. தஞ்சைத் தெருவில் சுவாமி புறப்பாட்டோடு நடந்து வளர்ந்த செவிக்குக் கம்பீரமாக ஒலிப்பது, கொல்கத்தாவில் வளர்ந்த செவிக்குப் பிரிவாக ஒலித்திருக்கிறது. சுரம் ஒன்றே, கேட்டவர் வாழ்ந்த வாழ்வு வேறு. தாதா பெருந்தன்மையுடையவர், சிரித்துவிட்டார். கோவலன் சிரிக்கவில்லை.

கானல்வரிக் கதை யாவரும் அறிந்ததே. இந்திரவிழா முடிந்து, புகார்க் கடற்கரையில் மாதவி யாழைப் பண்ணமைத்துக் கோவலன் கையில் நீட்டுகிறாள். அவன் காவிரியைப் பற்றியும் கடற்கானலைப் பற்றியும் வாசிக்கத் தொடங்குகிறான். மாதவியின் மனம் மகிழவே அவன் தொடங்கினான் என்று இளங்கோவடிகள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறார். இதை நம் திறனாய்வாளர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். கோவலன் நெஞ்சம் முன்னரே திரிந்துவிட்டது, பாட்டு அதை வெளிப்படுத்தியது என்று அவர்கள் எழுதுவர். நூல் அவ்வாறு சொல்லவில்லை. கொடுத்தவன் கொடுக்க எண்ணியது மகிழ்ச்சி.

ஆயினும் அவன் எடுத்த பாட்டைப் பாருங்கள். சோழ மன்னன் கங்கையைக் கூடினாலும், கன்னியைக் கூடினாலும் காவிரியே, நீ ஊடமாட்டாய் என்பது அதன் கருத்து. புகார் மக்கள் எத்தனையோ முறை பாடிக் கேட்ட ஆற்றுவரியாக இது இருந்திருக்கலாம். அரசனின் ஆட்சிப் பரப்பைப் புகழும் வாழ்த்தாகவே அவன் அதை எடுத்திருக்கலாம். ஆனால் கேட்பவள் யார்? மனைவியைப் பிரிந்து வந்த ஒருவனோடு வாழும் பெண். இன்னொருத்தியைக் கூடினாலும் ஊடாதே என்னும் சொல் அவள் செவியில் எங்கே சென்று தைக்கும் என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. தனக்குப் பிடித்ததைக் கொடுத்தான். பெறுபவள் நிலையை நோக்கவில்லை. என் தோடியும் அவ்வகையைச் சேர்ந்ததே.

மாதவி என்ன செய்தாள்? இவன் மனத்தில் வேறொரு குறிப்பு இருக்கிறது என்று கருதி, ஊடலை மறைத்து, மகிழ்ந்தவள் போல யாழை வாங்குகிறாள். தானும் வேறு குறிப்பு உடையவள் போலப் பாடுகிறாள். அவளும் காவிரியிலிருந்தே தொடங்குகிறாள். காவிரியே, நீ இப்படி அழகுற நடப்பதெல்லாம் உன் கணவனின் செங்கோல் வளையாமையால் அல்லவா என்பது அவள் மறுமொழி. எவ்வளவு நுட்பமான விடை! கோல் வளையாதிருந்தால் ஆறு ஊட வேண்டிய தேவையே இல்லை. பாட்டுக்குப் பாட்டாகவே இருவரும் வழக்காடிக்கொள்கின்றனர். இந்த இடத்தில் ஒருவர் வாய்திறந்து நேராகக் கேட்டிருந்தால் சிலப்பதிகாரம் வேறு நூலாகியிருக்கும்.

அடுத்து வரும் கோவலன் நினைப்பே இக்காதையின் உயிர்நிலை. யான் பாடியது கானல்வரி. அவளோ வேறொன்றின்மேல் மனம் வைத்துப் பாடினாள் என்று அவன் கருதுகிறான். அதாவது, தன் பாட்டு பாட்டு; அவள் பாட்டு வாக்குமூலம்! அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. கானல் பாட்டில் வரும் ஆணும் பெண்ணும் எவரும் அல்லர், எவராகவும் இருக்கலாம். இந்நெறியைத் தனக்குச் சார்பாகக் கொண்ட கோவலன், அவளுக்கு அதை மறுத்துவிடுகிறான். யாழை வைத்து ஊழ்வினை வந்து மூண்டது என்கிறார் அடிகள். ஊழை மறுக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் ஊழ் நுழைந்த வாசல் இதுதான்.

முரண் இத்தோடு நிற்கவில்லை. மாதவி தனியே வண்டியேறி வீடு திரும்புகிறாள். பித்திகை அரும்பை எழுதுகோலாக்கிச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து, தாழை மடலில் முடங்கல் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் அதை வாங்க மறுக்கிறான். மறுக்கும்போது அவன் சொல்லும் காரணம் வியப்பானது. அவள் தன்னிடம் காட்டிய அன்பையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக் கண்கூடுவரி, காண்வரி, உள்வரி, புறவரி என்று எட்டுவகை வரிக்கூத்தின் பெயர்களைச் சூட்டி, ஆடல்மகள் ஆதலால் இந்நடிப்பு அவளுக்குத் தகும் என்று முடிக்கிறான். கடற்கரையில் கற்பனைப் பாட்டை உண்மை என்று கொண்டவன், இங்கே உண்மை அன்பைக் கூத்து என்று கொள்கிறான். கலையின் பெயர்களை நன்கு அறிந்த இரசிகன் அவன். அந்த அறிவே அவனுக்குத் தப்பித்துக்கொள்ளும் வழியாயிற்று. கேசட்டு அட்டையில் நாம் எழுதிய ‘சோகம்’, ‘காதல்’ என்னும் பெயர்களுக்கும் இந்த எட்டுப் பெயர்களுக்கும் தூரம் அதிகமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பெயர் சூட்டியபின் செவி வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது.

அடிகள் இதை அறிந்தே செய்தார் என்பதற்கு ஆய்ச்சியர் குரவையும் சான்று. குரவை மகிழ்ச்சிக்குரிய கூத்து. ஆயர் சேரியிலோ பால் உறையவில்லை, காளையின் கண்களில் நீர் ஒழுகுகிறது, தீய நிமித்தங்கள் பல தோன்றுகின்றன. அச்சத்தைப் போக்கவே மாதரி குரவையாட ஏற்பாடு செய்கிறாள். வடிவம் களிப்பு, உள்ளே நடுக்கம். கண்ணகி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அட்டையில் ஒரே சொல் எழுதும் பழக்கமுடையவர் இந்தக் குரவையை எந்தப் பட்டியலில் சேர்ப்பர்? ஆற்றுவரி, சார்த்துவரி, முரிவரி, குரவை, அம்மானை, ஊசல் எனத் தம் காலத்துப் பாட்டு வகைகள் பலவற்றை அடிகள் ஒரு நூலுள் கோத்தார். இதைத் தொகுப்பு முயற்சி என்று மட்டும் பாராட்டுவது போதாது. ஒவ்வொரு பாட்டையும் அதை நேரே தாங்கவியலாத ஒரு நெஞ்சின் முன்னே வைத்தார்.

கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை நமக்குக் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1892-இல் நூலை அச்சேற்றியபோதும் இக்காதைக்கு அரும்பதவுரையே துணை. பாட்டும் கூத்தும் நன்கறிந்த அவ்வுரையாசிரியர் இவ்விடத்துக்கு என்ன எழுதியிருப்பாரோ என்று எண்ணி ஏங்காத நாளில்லை. எழுத்தன் ஒருவன் துணிந்து கருத்துச் சொல்ல இடம் வாய்த்ததும் அந்த இழப்பினால்தான் போலும்.

மாதவியின் இரண்டாம் முடங்கல் மதுரை செல்லும் வழியில் கோசிகன் கையால் கோவலனை அடைகிறது. பெற்றோர் பணியுமின்றி, குலமகளோடு இரவில் ஊரைவிட்டுப் போகும்படி யான் செய்த பிழை யாது என்று அவள் கேட்டிருந்தாள். பண் இல்லை, தாளம் இல்லை, குறிப்பு இல்லை, நேரான சொல். படித்ததும் அவள் குற்றமற்றவள், குற்றம் தன்னுடையது என்று கோவலன் உணர்கிறான். அவ்வோலையையே தன் பெற்றோரிடம் சேர்ப்பிக்குமாறு கோசிகனை அனுப்புகிறான்.

அதன்பின் அவன் செய்வதை அடிகள் சில அடிகளில் சொல்லிச் செல்கிறார். கொற்றவையின் கோலத்தைப் பாடிக்கொண்டிருக்கும் பாணர் கூட்டத்தை அணுகி, செங்கோட்டியாழின் நரம்பைப் பண்ணமைத்து, முன்பின் அறியாத அம்மக்களோடு கூடிக் கோவலன் இசைக்கிறான். கானல்வரிக்குப் பிறகு யாழோடு அவனை நாம் காண்பது இங்கேதான். அங்கே பக்கம் பக்கமாகப் பாட்டைத் தந்தவர், இங்கே பாட்டின் ஒரு சொல்லைக்கூடத் தரவில்லை. இசைத்து முடித்து, கூடல் இன்னும் எத்தனைக் காவதம் என்று கேட்கிறான். மதுரையின் மணம் சுமந்த தென்றல் இதோ வந்துவிட்டது, ஊர் தொலைவில் இல்லை என்கின்றனர் பாணர்.