எஞ்சி நிற்கும் அச்சம்: திகிற்படங்கள் சில பற்றிய ஒரு நோக்கு

திரைப்படத்தைக் கலையாகக் கொண்டு ஆராயும் திறனாய்வாளருட் பெரும்பாலோர் திகிற்படங்களைத் தம் கவனத்துக்குரியனவாகக் கருதுவதில்லை. பேய், பிணம், இரத்தம் ஆகியவற்றைக் காட்டிப் பணம் பண்ணும் வணிகச் சரக்கென அவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவதற்குத் தக்க படங்களே தொகையில் மிகுதி என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. ஒரு படத்தைப் பார்த்துக் கொட்டகையில் அலறியவன் வெளியே வந்ததும் நண்பருடன் சிரித்துக்கொண்டு தேநீர் அருந்தச் செல்கிறான். வேறொரு படத்தைப் பார்த்தவனோ ஒருமுறைகூட அலறாதிருந்துவிட்டு, மாதங்கள் பல கழிந்த பின்னரும் தன் வீட்டுக் குளியலறைக் கதவைத் தாழிடும்போது ஒரு கணம் தயங்குகிறான். இவ்விரு அனுபவங்களையும் ஒரே பெயராற் சுட்டுவது திறனாய்வின் சோம்பலேயன்றி வேறன்று.

முன்னதை அதிர்ச்சி என்றும் பின்னதை அச்சம் என்றும் பிரித்துக்கொள்ளலாம். அல்பிரட் ஹிட்ச்கொக் பிரெஞ்சு நெறியாளர் திரூபோவுடன் நிகழ்த்திய, 1966 இல் நூலாக வெளிவந்த, உரையாடலில் இதனையொத்த வேறுபாடொன்றைக் கூறுகிறார். மேசையின் அடியில் வைக்கப்பட்ட குண்டு எதிர்பாராது வெடித்தாற் பார்வையாளருக்குக் கிட்டுவது சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது அவர்களுக்கு முன்னமே தெரிந்திருந்தாற் கிட்டுவது பல நிமிடப் பதைபதைப்பு. பலராலும் எடுத்தாளப்படும் கருத்து இது. எனினும் குண்டு வெடித்தாலும் சரி, வெடியாது போனாலும் சரி, அக்கணத்தோடு பதைபதைப்பும் முடிந்துவிடுகிறது. படம் முடிந்த பின்னர் தொடங்கும் அச்சத்துக்கு இக்கொள்கையில் இடமில்லை. ஹிட்ச்கொக்கின் மிகச் சிறந்த திகிற்படமே அவருடைய இக்கொள்கைக்கு அடங்காது வெளியே நிற்பது சுவையான முரண்பாடாகும்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் நிலைக்களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைக் கூறுவர். 1922 இல் ஜேர்மனியில் முர்னோ ஆக்கிய 'நொஸ்பெராட்டு' முதலாவதற்கும், 1975 இல் ஸ்பீல்பேர்க் ஆக்கிய 'ஜோஸ்' இரண்டாவதற்கும் எடுத்துக்காட்டாகும். பொருத்தம் பார்ப்பதோடு நின்றுவிடின் இது வெறும் பட்டியல் வேலையாகிவிடும். இங்கு மனங்கொள்ளத்தக்கது வேறொன்று. முதல் மூன்றும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. அணங்கும் விலங்கும் கள்வரும் இருக்குமிடம் ஒரு பக்கம். வீடும் உறவும் தன் நெஞ்சும் மறுபக்கம். நான்காவதில் மட்டும் இந்த எல்லை குலைகிறது. அங்கே காக்கவேண்டியவனே அஞ்சப்படுகிறான். நெடுங்காலம் எஞ்சி நிற்கும் அச்சத்தைத் தரும் படங்கள் யாவும், பேயைக் காட்டினும் விலங்கைக் காட்டினும், இந்த நான்காவது களத்தை நோக்கியே நகர்கின்றன எனலாம்.

இதனை முதலில் உணர்ந்து செயற்பட்டவர்களுள் ஒருவர் தயாரிப்பாளர் வால் லூட்டன். ஆர்.கே.ஓ. நிறுவனம் மலிவான திகிற்படங்கள் எடுக்குமாறு அவரைப் பணித்தது. படத்தின் தலைப்பைக்கூட நிறுவனமே முன்கூட்டித் தந்தது. ஏறத்தாழ 1,35,000 டொலர் செலவில் ஜாக் துர்னோர் நெறிப்படுத்திய 'கற் பீப்பிள்' 1942 இல் வெளிவந்தது. சேர்பியாவிலிருந்து நியூயோர்க்குக்கு வந்த இரேனா என்னும் பெண், காமமோ பொறாமையோ மேலிடும்போது தான் சிறுத்தையாக மாறிவிடுவாள் என நம்புகிறாள். பூங்காவின் ஓரத்து வீதியில் அவளுடைய போட்டியாளர் இரவில் நடக்கிறாள்; பின்னாற் காலடியோசை கேட்கிறது; பின்னர் அவ்வோசை நின்றுவிடுகிறது. சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து மாத்திரமே. இவ்வுத்தியைப் பிற்காலத்தார் ஆயிரம் முறை போலி செய்து மலினப்படுத்திவிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது பேருந்தை; விட்டுவிட்டது காலடியோசை நின்ற அந்த இடைவெளியை. அதே படத்தில் நீச்சற்குளக் காட்சியொன்றுண்டு. நீரின் ஒளியசைவு சுவரில் ஆட, நிழல்களும் உறுமலுமே நாம் காண்பனவும் கேட்பனவும். சிக்கனத்தின் விளைவும் கலைத்தெளிவின் விளைவும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன. இதனினும் முக்கியமானது, விலங்கு இங்கு காட்டிலிருந்து வரவில்லை என்பதாகும். அன்பு செய்ய விரும்பி அஞ்சும் ஒரு பெண்ணின் உள்ளத்தில் அது இருக்கிறது. அவள் இரங்கத்தக்கவளாக இருப்பதனாலேயே அவள்மேற் பிறக்கும் அச்சம் எளிதில் அகல்வதில்லை.

'சைக்கோ' (1960) பற்றி எழுதப்பட்டவை ஏராளம். குளியலறைக் கொலை முக்கால் நிமிட அளவினதே என்பதும், கத்தி உடலைத் துளைப்பதைப் பார்வையாளன் கண்டதாக நினைப்பது பெரும்பாலும் படத்தொகுப்பும் பேர்ணாட் ஹேர்மனின் நரம்புக்கருவி இசையும் செய்த மாயமே என்பதும் பலரறிந்த செய்திகள். இவை தொழில்நுட்பச் சிறப்புகள். கொட்டகையில் ஏற்படும் அதிர்ச்சியை விளக்கப் போதுமானவை. நீடிக்கும் அச்சத்தின் காரணத்தைக் காண அதற்கடுத்து வரும் அமைதியான பகுதியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதலாளியின் 40,000 டொலரைக் களவெடுத்துத் தப்பியோடும் மேரியனோடு படத்தின் தொடக்கத்திலிருந்தே பார்வையாளன் ஒன்றிவிடுகிறான். அவள் மனந்திருந்திப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்த வேளையில், 109 நிமிடப் படம் பாதியை எட்டுமுன்னரே, கொல்லப்படுகிறாள். ஆதரவிழந்த பார்வையாளன் யாரைப் பற்றிக்கொள்வது? விடுதிக்காரனான நோர்மன், தாய் செய்ததாகத் தோன்றும் கொலையின் தடயங்களைத் துடைக்கிறான். தரையைக் கழுவுகிறான், உடலைக் காருக்குள் வைத்துச் சதுப்புநீரில் தள்ளுகிறான். கார் மெல்ல அமிழ்ந்து, பாதியில் நின்றுவிடுகிறது. அக்கணத்திற் பார்வையாளன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது முற்றாக அமிழவேண்டும் என விரும்புகிறான். சற்று முன்னர் யாருக்காகப் பதறினானோ அவளுடைய உடல் அதற்குள்ளேயே இருக்கிறது. சில விநாடி அளவான இந்த நிறுத்தம் குளியலறைக் காட்சியிலும் கொடியது. கொலைகாரனுக்கு உடந்தையாவது எத்துணை எளிதென்பதைப் பார்வையாளன் தன்னிடமே கண்டுகொள்கிறான். கள்வர் என்ற களம் பார்ப்பவனின் நெஞ்சுக்குள் இடம்பெயர்ந்துவிடுகிறது.

இறுதியில் உளநோய் மருத்துவர் ஒருவர் தோன்றி யாவற்றையும் விளக்குகிறார். இப்பகுதி நீளமாயும் சலிப்பாயும் இருப்பதாகக் குறை கூறப்படுவதுண்டு. குறை நியாயமானதே. எனினும் விளக்கம் முடிந்ததும் கமரா சிறையறைக்குச் செல்கிறது. அங்கே வெறுஞ்சுவரின் முன் அமர்ந்திருக்கும் நோர்மனின் முகமும் தாயின் குரலும் அவ்விளக்கத்தையெல்லாம் பொருளற்றதாக்கிவிடுகின்றன. அறிவு தன் கடமையைச் செய்து முடித்த பின்னரும் அச்சம் அவ்வாறே இருக்கிறது.

ஹென்றி ஜேம்ஸ் 1898 இல் எழுதிய குறுநாவலைத் தழுவி ஜக் கிளேட்டன் ஆக்கிய 'த இன்னசன்ற்ஸ்' (1961) விளக்கம் என்பதையே முற்றாக மறுத்துவிடுகிறது. தாய் தந்தையற்ற இரு பிள்ளைகளைப் பராமரிக்க வரும் ஆசிரியை, இறந்துபோன பணியாளன் ஒருவனும் முன்னைய ஆசிரியையும் அப்பிள்ளைகளைப் பற்றியிருப்பதாக நம்புகிறாள். ஆவிகள் உண்மையில் உண்டா, அன்றி அடக்கப்பட்ட ஆசைகளால் அலைக்கழியும் அவளது மனத்தின் படைப்பா என்பதற்குப் படம் விடை தருவதில்லை. ஒளிப்பதிவாளர் பிரெடி பிரான்சிஸ் வண்ணம் தீட்டிய வடிகண்ணாடிகளைக் கொண்டு அகன்ற திரையின் இரு ஓரங்களையும் இருளாக்கினார். நடுவில் நிற்பவளின் பார்வை எட்டும் அளவே உலகம். மிகவும் அச்சந்தரும் காட்சியோ நல்ல பகலில் நிகழ்வது. ஏரியின் மறுகரையில், நாணற்புதர்களிடையே, கறுப்புடை அணிந்த பெண்ணொருத்தி அசையாது நிற்கிறாள். அவள் எதுவும் செய்வதில்லை. பள்ளியறையில் அழுதுகொண்டிருந்த உருவம் மறைந்த பின், அங்கே ஒரு துளிக் கண்ணீர் மாத்திரம் எஞ்சியிருக்கிறது. ஆவி இல்லையென்றால் அக்கண்ணீர் யாருடையது? ஆவி உண்டென்றால் அழுவது ஏன்? காக்க வந்தவளின் அன்புப் பிடியிலேயே சிறுவன் உயிர் விடுகிறான். தம் இறை என்பதன் பொருள் இங்கே மிக அந்தரங்கமான வடிவத்தைப் பெறுகிறது.

திகிற்படங்கள் மக்களை யதார்த்த வாழ்வின் முரண்பாடுகளினின்றும் திசைதிருப்பும் போதைப்பொருள் என்பது முற்போக்குத் திறனாய்வாளர் பலரின் நிலைப்பாடாக இருந்து வந்துள்ளது. இதில் ஓரளவு உண்மையுண்டு. வில்லியம் பிரீட்கினின் 'த எக்ஸோசிஸ்ற்' (1973) பெருந்திரளான மக்களைக் கொட்டகைகளுக்கு ஈர்த்தது. ஆனால் பேய் வெளியிலிருந்து வந்து, பாதிரிமாரின் தியாகத்தால் வெளியேறுகிறது. சிறுமிக்கு நடந்தவை நினைவிலேயே இல்லை. யாவும் பழையபடி சீராகிவிட்ட உலகத்தைக் கண்டு நிம்மதியோடு வீடு திரும்பலாம். (அப்படத்தில் உண்மையாகவே நெஞ்சை உறைய வைப்பது பேயோட்டும் சடங்கன்று. ஏதுமறியாத சிறுமியின் கழுத்தில் ஊசியேற்றிப் பரிசோதிக்கும் மருத்துவமனைக் காட்சியே அது.) ஆனால் இந்நிலைப்பாட்டை எல்லாப் படங்களுக்கும் பொதுவிதியாக்குவோர், ஜோர்ஜ் ரொமேரோ ஏறத்தாழ 1,14,000 டொலர் செலவில் பிற்ஸ்பேர்க் நகரை அண்டி எடுத்த 'நைற் ஒவ் த லிவிங் டெட்' (1968) என்ற படத்துக்கு விடை கூறவேண்டியவராகின்றனர்.

பிணங்கள் எழுந்து நடமாடுகின்றன. பண்ணை வீடொன்றில் எழுவர் அடைந்து கிடக்கின்றனர். அவர்களை அழிப்பது வெளியே நிற்கும் பிணங்களைவிட உள்ளே நிகழும் பிணக்கே. மேல்தளத்தில் நின்று போராடுவதா, நிலவறையில் ஒளிவதா என்பதில் உடன்பாடு இல்லை. நோயுற்ற மகள் தாயையே கொல்கிறாள். நிலவறை வேண்டாமென்று வாதிட்ட பென் ஒருவன் மட்டும் கடைசியில் அந்நிலவறையிலேயே ஒளிந்து உயிர் தப்புகிறான். பொழுது விடிகிறது. சட்டத்தின் காவலர்கள் துவக்குகளோடு வருகின்றனர். யன்னலோரம் எட்டிப் பார்க்கும் பென்னை நடமாடும் பிணமெனக் கருதிச் சுட்டு வீழ்த்துகின்றனர். பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். தேர்விற் சிறப்பாக நடித்தமையாலேயே அவரைத் தெரிந்ததாக ரொமேரோ கூறியிருக்கிறார். படத்தில் அவரது நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் மார்ட்டின் லூதர் கிங் அவ்வாண்டு ஏப்பிரலிற் கொலையுண்டார். படம் ஒக்டோபரில் வெளிவந்தது. கொழுக்கிகளால் உடலை இழுத்துச் செல்வதையும் விறகோடு எரிப்பதையும் இறுதியில் செய்தித்தாட் புகைப்படங்கள் போன்ற அசையா நிழற்படங்களாக ரொமேரோ காட்டுகிறார். அப்படங்களைப் பார்த்த அமெரிக்கனுக்கு எவை நினைவில் வந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

யப்பானில் கனேடோ ஷிண்டோவின் 'ஒனிபாபா' (1964) இவ்வகையிற் சேர்த்து நோக்கத்தக்கது. உள்நாட்டுப் போர்க்காலத்தில், ஆளுயர நாணற்காட்டினுள், மாமியும் மருமகளும் வழிதவறிய போர்வீரர்களைக் கொன்று, உடல்களைக் குழியில் வீசி, கவசங்களைத் தானியத்துக்கு மாற்றி வயிறு வளர்க்கின்றனர். மருமகளை வெருட்ட மாமி அணிந்த பேய்முகமூடி மழையில் நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதனை உடைத்தெடுத்தபோது வெளிப்படும் சிதைந்த முகத்தை, அணுகுண்டாற் கருகியோரின் தோற்றத்தை மனத்திற்கொண்டே ஷிண்டோ அமைத்தார். அவர் பிறந்த மாவட்டம் ஹிரோஷிமா. பசியும் போரும் மனிதரைப் பேயாக்கின எனச் சொல்லும் இப்படத்தை யதார்த்தத்தினின்றும் தப்பியோடுவது என்று எவ்வாறு கூறமுடியும்? 

அண்மைக்காலப் படங்களுள் இவ்வரிசையில் ஐயமின்றி வைக்கத்தக்கது ஹிடியோ நகாட்டாவின் 'ரிங்கு' (1998). ஓர் ஒளிநாடாவைப் பார்ப்போர் ஏழாம் நாள் இறக்கின்றனர். அந்நாடாவிலுள்ள தொடர்பற்ற காட்சிகள் பார்வையாளனுக்கும் காட்டப்படுகின்றன. ஆகவே சாபம் அவனையும் சேர்கிறது. அத்தகைய நாடாக்கள் இன்று வழக்கொழிந்துவிட்டன. ஆயினும் படத்தின் அச்சம் அவற்றோடு ஒழியவில்லை. கிணற்றிற் கிடந்த எலும்புகளை எடுத்துவிட்டால் ஆவி சாந்தியடையும் என்னும் பழங்கதை மரபை நம்பி, செய்தியாளரான ரெய்கோ அவ்வாறே செய்கிறாள். மறுநாள் அவளுடைய முன்னாட் கணவன் இறக்கிறான். அவள் மட்டும் பிழைத்ததற்கான காரணத்தை அவள் பின்னரே உணர்கிறாள்: அவள் நாடாவைப் படியெடுத்து அவனுக்குக் காட்டியிருந்தாள். மகனும் நாடாவைப் பார்த்திருக்கிறான். அவனைக் காக்க ஒரேயொரு வழி உண்டு. தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து, பேரனுக்காக ஓர் உதவி வேண்டும் என்கிறாள். நாடாவையும் அதனை ஓட்டும் கருவியையும் காரில் வைத்துக்கொண்டு அவரது வீட்டை நோக்கிப் புறப்படுகிறாள். நெடுந்தெருவில், கறுத்துத் திரண்ட வானத்தின் கீழ், அந்தக் கார் போய்க்கொண்டிருக்கிறது.