ஒரே ஓலை, இரு கரை

தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் பிள்ளைக்கு ஒரு காற்றாடி செய்ய ஒரு பனங்குருத்தோலையும் ஓர் உடைமுள்ளும் போதும். ஈர்க்கை உரித்துவிட்டு ஓலையை விரலகலத்தில் இரண்டாகக் கிழிக்க வேண்டும். இரண்டும் ஒரே நீளமா என்று பிள்ளை ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும். மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து இழுத்தால் நடுவில் ஒரு சதுரம், சுற்றிலும் நான்கு இறக்கை. முள்ளில் குத்திக்கொண்டு ஓடினால் சுழலும். ஓர் இறக்கை நீண்டுவிட்டால் தள்ளாடும். நீளம் என்றால் என்னவென்று அதற்குமேல் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அடுத்தது முடைதல். மணப்பாட்டுப் பெண்கள் பெட்டி முடையும் அதே கணக்குதான்: ஒன்றை எடு, ஒன்றை விடு. சாயம் ஏற்றிய ஓலையையும் வெள்ளோலையையும் மாற்றி மாற்றிக் கோக்கும்போது எண்ணிக்கை பிசகினால், இரண்டாவது வரிசையிலேயே கட்டம் கோணிக்கொள்ளும். பிழையை ஓலையே காட்டிக்கொடுத்துவிடும். ஓலையைப் பிடித்து இழுக்கும் கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் நாளை பென்சிலைப் பிடிக்கப்போகின்றன.

கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனால் குருத்தோலை சார்வோலை ஆகிறது, முடைதல் இழைத்தலாகிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் பனங்கட்டிக்குக் குட்டான், பிட்டு அவிக்க நீற்றுப்பெட்டி, சுமைக்குக் கடகம். பேர்தான் வேறு, விரல் வேலை ஒன்றே.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் கதை பிரிகிறது. இந்தியாவில் 1937இல் காந்தி முன்வைத்த வார்தா திட்டம், நூற்ற நூலை எண்ணுவதிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம் என்றது. ஆனால் அது 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. அதற்கும் கீழே உள்ளவர்களைப் பற்றிப் பேச 1939இல் சென்னை அடையாற்றுக்கு இத்தாலியக் கல்வியாளர் மரியா மொன்டிசோரியே வந்தார். 1944இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். இன்றும் அங்கே பல வீடுகளில் முன்பள்ளிக்கு ‘மொன்டிசோரி’ என்றுதான் பேர். இங்கே பால்வாடி, அங்கன்வாடி.

1999இல் இலங்கை தொடக்கக் கல்வியைச் சீர்திருத்தியபோது தரம் 1, 2 பிள்ளைகளுக்கு எழுத்து வேலையைக் குறைத்து விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் தந்தது. ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ தனிப் பாடமாகவே இருக்கிறது. சார்வோலையோடு வகுப்புக்கு வரும் ஆசிரியைக்கு அது திறந்த வாசல். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க அந்த வாசல் ஒடுங்கிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலும் சரி, 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் சரி, பிள்ளையின் கையில் பொருளைக் கொடுத்தவைதான். கற்றல் ஏணிப்படிகள், அட்டைகள், பயிற்சிநூல்கள் எல்லாம் கச்சிதம். ஆனால் அவை சென்னையில் தயாராகி ஊருக்கு வருபவை. ஊரிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பது ஆசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்தது. ஏற்பாட்டில் தமிழ்நாடு முந்தி நிற்கிறது. ஓலைக்கு இடம்விடுவதில் இலங்கையின் கைதான் ஓங்கியிருக்கிறது.

இத்தனைக்கும் ஆத்தூரில் எண்ணும் பொருளுக்குப் பஞ்சமில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை இவ்வூருடையது. 100 வெற்றிலை ஒரு கவுளி. காம்புகளை ஒருபக்கமாக நேர்பண்ணி அடுக்கும் கையைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பிள்ளை நடக்கப் பழகும்போதே பார்த்துவிடுகிறது. பத்துப் பத்தாகக் கட்டுவதற்கு அதன் கையிலும் சில வெற்றிலையைக் கொடுக்கலாம். கிழிந்தது கவுளியில் சேராது என்பதையும் அது உடனே தெரிந்துகொள்ளும்.