உழைப்பும் நிய்யத்தும்: கும்மிடிப்பூண்டியிலிருந்து இமாம் கஸ்ஸாலியை வாசித்தல்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் இரவு ஷிப்டை முடித்து வெளியேறுவோரும் காலை ஷிப்டுக்கு நுழைவோரும் ஒரே வாயிலில் ஒருவரையொருவர் கடந்து செல்கின்றனர். அவர்களுள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர். வடமாநிலங்களிலிருந்து வந்தோரும் உளர். 'நாள்தோறும் செய்யும் இவ்வேலைக்கு என்ன பொருள்?' என்ற வினா அவர்களுக்கும் எழுவதே. இதற்கு நம் பயான் மேடைகளில் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: நிய்யத்தைச் சீராக்கிக்கொள், உன் வேலையே இபாதத் ஆகிவிடும். இவ்விடை பிழையன்று. ஆனால் அது தன் மூலத்தில் பாதியை விட்டுவிட்டு வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செயல்களின் மதிப்பை எண்ணத்தோடு பிணைக்கும் நபிமொழியை இமாம் புகாரி (ரஹ்) தம் தொகுப்பின் முகப்பிலேயே அமைத்தார். அதன் உட்பொருளை விரித்துரைத்தோருள் தலையாயவர் 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்). நாற்பது நூல்களாலான அவர்தம் 'இஹ்யா உலூமித்தீன்' பெருந்தொகுப்பில் 37ஆம் நூல் நிய்யத்தைப் பற்றியது. 13ஆம் நூல் பொருளீட்டும் ஒழுக்கத்தைப் பற்றியது. நம் சொற்பொழிவாளர் முன்னதை மட்டும் எடுத்தாள்கின்றனர். இரண்டையும் சேர்த்து வாசித்தாலன்றி இமாமின் கருத்து முழுமையுறாது.

முதலாவதாக, நிய்யத் என்பது வாயால் மொழிவதோ மனத்துள் சொல்லிக்கொள்வதோ அன்று என்கிறார் இமாம். தனக்கு நன்மை எனத் தான் அறிந்த ஒன்றை நோக்கி உள்ளம் எழுந்து சாய்வதே நிய்யத். வயிறு நிறைந்தவன் 'எனக்குப் பசி வேண்டும் என நிய்யத் செய்தேன்' என்று கூறினால் பசி வந்துவிடாது. அதுபோலவே, உள்ளத்தில் இல்லாத சாய்வை விரும்பிய நொடியில் வரவழைத்துக்கொள்ளவும் இயலாது. அவ்வாறாயின், பன்னிரண்டு மணி நேரம் உலை வெப்பத்தில் நின்று சோர்ந்தவரிடம் 'நிய்யத்தை மாற்றிக்கொள்' என்பது எளிய அறிவுரையாகுமா? சாய்வுக்கு அறிவு வேண்டும். அறிவுக்குச் சற்றே ஓய்வும் வேண்டும்.

இரண்டாவதாக, செயல்களை இமாம் மூவகையாகப் பகுக்கிறார். வழிபாடுகள் நிய்யத்தால் நிறைவும் சிறப்பும் பெறுகின்றன. ஆகுமாக்கப்பட்ட அன்றாடச் செயல்கள் நிய்யத்தால் நன்மையாக உயரவும் கூடும், தாழவும் கூடும். ஜும்ஆ நாளில் நறுமணம் பூசுவது சுன்னத்துக்காகவும் இருக்கலாம், பகட்டுக்காகவும் இருக்கலாம். பாவமோ எத்தகைய நிய்யத்தாலும் தன் இயல்பு மாறுவதில்லை.

இப்பகுப்பின் ஆழத்தை உணர இதே திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்துப் பழவேற்காட்டின் வரலாறு துணைசெய்யும். 1613இல் எழுந்த டச்சுக் கோட்டையான கெல்ட்ரியாவின் காலத்தில் அத்துறையிலிருந்து துணி கப்பலேறியது. மலாய் நாட்டார் இன்றும் தம் கைலியைப் 'பெலிகட்' என அழைப்பது அவ்வூர்ப் பெயரின் எச்சமே. அதே ஊரில் டச்சுக்காரர் வெடிமருந்தும் செய்தனர். பஞ்சத்தில் நலிந்த சோழமண்டலக் கரை மக்களை அடிமைகளாகவும் ஏற்றினர். நெய்தவரின் தறிக்கு நிய்யத் ஒளியூட்டியிருக்கலாம். அடிமைக் கப்பலின் கணக்கெழுதியவருக்கு எந்த நிய்யத்தும் கைகொடுத்திராது. ஆகவே 'எந்த எண்ணத்தோடு?' என்பதற்கு முன்னரே 'எந்த வேலை?' என்னும் வினா நிற்கிறது.

மூன்றாவதாக, 13ஆம் நூலில் இமாம் தொழிலைப் பர்ளு கிஃபாயாவாகக் காண்கிறார். தொழில்களும் வணிகமும் கைவிடப்பட்டால் மக்களின் வாழ்வு குலையும் என்பது அவர் காட்டும் காரணம். வெற்று அலங்காரத்துக்கான தொழிலைவிடத் தேவைக்குரிய தொழிலையே தேர்ந்துகொள்ளவும் அறிவுறுத்துகிறார். உருட்டாலையில் உருவாகும் கம்பி யாரோ ஒருவரின் வீட்டுத் தூணுக்குள் செல்கிறது. அத்தூணைத் தொழிலாளி காண்பதில்லை. எனினும் அதன்கீழ் ஒரு குடும்பம் உறங்கும். இவ்வறிவை அவருக்கு ஊட்டுவதே மெய்யான பயான்.

இங்கு இமாமின் நூலுக்கும் ஓர் எல்லையுண்டு. அந்நூலில் அவர் பெரிதும் முன்னிறுத்திப் பேசுவது தன் தொழிலைத் தானே தேர்ந்துகொள்ளக்கூடிய கைவினைஞரையும் வணிகரையும். ஒப்பந்தக்காரர் அனுப்பும் இடத்திற்குச் செல்லும் கூலித் தொழிலாளிக்குத் தேர்வு குறைவு. தேர்வு குறையுமிடத்தில் பொறுப்பின் பெரும்பகுதி தேர்பவர்மீது சாய்கிறது. கொடுக்கல் வாங்கலில் அநீதி தவிர்த்தலைப் பற்றி அதே 13ஆம் நூல் தனி இயலே வகுத்துள்ளது. வியர்வை உலருமுன் கூலி தரப் பணிக்கும் நபிமொழியையும் நாம் அறிவோம். முதலாளியின் நிய்யத்தைப் பற்றி நம் மேடைகள் ஏன் மௌனம் காக்கின்றன?

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட வியன்னா உளவியல் மருத்துவர் விக்டர் பிராங்கல் 1946இல் வெளியிட்ட நூல், துன்பத்திலும் வாழ்வுக்குப் பொருள் உண்டு என நிறுவியது. தவிர்க்கக்கூடிய துன்பமாயின் அதன் காரணத்தை நீக்குவதே பொருளுள்ள செயல் என்றும் அவர் வரையறுத்தார். அவரை மேற்கோள் காட்டும் தன்னம்பிக்கை நூல்கள் அவ்வரையறையை எளிதில் மறந்துவிடுகின்றன. பெரியோரின் நிபந்தனைகளைக் களைந்துவிட்டு அவர்தம் ஆறுதலை மட்டும் விநியோகிப்பது இருபுறமும் நிகழ்கிறது.

எனவே தொழிற்பேட்டையை அடுத்த பள்ளிவாசலின் ஜும்ஆ உரை இருபாலாரையும் நோக்கி அமைதல் வேண்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடிய ஆலை உரிமையாளரிடம் அது கூலியையும் பாதுகாப்பையும் தொழுகை நேரத்தையும் பற்றிக் கேட்கட்டும். பின்வரிசைத் தொழிலாளிக்கு அவர் கைப்பட்ட கம்பி தாங்கும் கூரையைக் காட்டட்டும். முன்னதைக் கேளாத நாவுக்குப் பின்னதைச் சொல்லும் தகுதி இல்லை.