பார் இல்லாத சைக்கிள்

அம்பத்தூரில் ‘டிஐ சைக்கிள்’ என்றால் ஒரு கம்பெனி மட்டுமல்ல, ஒரு பஸ் ஸ்டாப்பும்கூட. 1949இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் சைக்கிள்களில் பையன்கள் கேட்டு வாங்கியது ஹெர்குலிஸ். சிங்கத்தைக் கொன்ற கிரேக்கப் பலசாலியின் பெயர். பெண் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்தது லேடிபேர்ட். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டு. பெயரோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். உடம்பிலும் அதே பிரிவு இருக்கிறது. பெரியவர்கள் ஓட்டிய ஜென்ட்ஸ் சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு பார் உண்டு. லேடீஸ் சைக்கிளில் அது கிடையாது. பாவாடையும் சேலையும் தடுக்காமல் ஏற வசதியாகக் கம்பி தாழ்ந்து இறங்கியிருக்கும், முன்னால் ஒரு கூடை இருக்கும்.

அந்தப் பாரில்தான் நம் ஊர்க் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். துண்டைச் சுற்றி மெத்தையாக்கியோ, கடையில் விற்ற குட்டி சீட்டைப் பொருத்தியோ, அப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவில். அது பாதுகாப்பானது என்று சொல்ல வரவில்லை. ஆனால் குழந்தை கண்ணெதிரே இருந்தது. பெண்ணுக்கென்றே தனியாக வடிவமைத்த வண்டியிலோ குழந்தைக்கு இடமில்லை. கூடையில் புத்தகப்பை வைக்கலாம், கத்தரிக்காய் வைக்கலாம். அதை வரைந்தவர்களின் மனதில் இருந்தவள் ஒரு பள்ளி மாணவி. அவளுக்குக் கல்யாணமாகும், குழந்தை பிறக்கும், அதற்குப் பிறகும் அவளுக்குப் போக இடங்கள் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

புதுக்கோட்டைப் பெண்கள் இந்தக் குறையை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் நகரத்துக்குள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். அந்த நாட்களைப் பதிவுசெய்த பி. சாய்நாத் ஒரு விவரத்தைச் சொல்கிறார்: லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் காத்திருக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள், சிலர் விரும்பியே அதை எடுத்தார்கள். காரணம், அதில் பார் இருக்கிறது, குழந்தையை உட்காரவைக்கலாம். இந்த இயக்கத்தைப் பற்றி எழுதும் நம்மவர்கள் ‘விடுதலை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்த விவரத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அந்தப் பதிவில் இதைவிட முக்கியமான வரி இல்லை. அந்தப் பெண்கள் குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டுச் சுதந்திரமாக ஓட்ட நினைக்கவில்லை. குழந்தையோடு போக நினைத்தார்கள்.

அரசும் அந்தத் தாயைப் பார்க்கவில்லை. 2001-02இல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பதினொன்றாம் வகுப்பு மாணவியைக் கண்டது. அது பெரிய விஷயம்தான், அதன் அருமையைக் குறைத்துப் பேசமாட்டேன். 2018இல் வந்த ஸ்கூட்டர் மானியம் வேலைக்குப் போகும் பெண்ணைக் கண்டது. பதினாறு வயதுக்கும் ஸ்கூட்டர் வாங்கும் வசதிக்கும் நடுவே, இடுப்பில் பிள்ளையோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பவள் எந்தத் திட்டத்தின் பயனாளி?

இப்போது குழந்தை சீட் வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. கியர் சைக்கிள் என்று நாம் சொல்லும் மலை சைக்கிளின் பின்னால் பெல்ட் வைத்த உயரமான சீட். இன்னும் வசதியிருந்தால், பின் அச்சில் மாட்டி இழுக்கும் ட்ரெய்லர்: இரண்டு சக்கரம், துணிக் கூரை, உள்ளே ஒன்றிரண்டு குழந்தைகள். மலை சைக்கிளின் பிறப்புக் கதையே ஆண்களின் கதையாகத்தான் சொல்லப்படுகிறது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் பாய்ந்து இறங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து இறங்கியவர், அந்த நாட்களின் படங்களில் பலவற்றை எடுத்தவர், வெண்டி க்ராக் என்ற பெண். நம் மேற்குப் புறநகரில் மலை கிடையாது. மலை சைக்கிள்கள் இங்கே செம்பரம்பாக்கம் கரைக்கும் பருத்திப்பட்டு ஏரிக்கும்தான் போகின்றன, அதுவும் பெரும்பாலும் ஞாயிறு விடியலில்.

அந்த ஞாயிறு விடியலைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். ஒருவர் ஜெர்சி போட்டு அறுபது கிலோமீட்டர் போய்வருகிறார் என்றால், வீட்டில் இன்னொருவர் குழந்தையோடு இருக்கிறார். அவர் குழந்தையைச் சீட்டில் கட்டிக்கொண்டு புறப்பட்டால் இவளுக்கு இரண்டு மணிநேரம் மிச்சம். அந்த வகையில் ட்ரெய்லர் வரட்டும், நிறைய வரட்டும் என்றுதான் சொல்வேன். எரிச்சல் வேறு இடத்தில். ஏரிக்கரையில் பிள்ளையோடு வரும் ஆணைப் பார்த்து நடைப்பயிற்சிக்காரர்கள், “சூப்பர் சார், இப்பவே பழக்குறீங்க” என்கிறார்கள். அதே குழந்தையோடு அதே சைக்கிளில் அவள் வந்தால், “பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு இந்த ரோட்டுல என்னம்மா இது?” அவர் செய்தால் சாகசம், அவள் செய்தால் அலட்சியம். கீழே விழுந்தால் அவருக்கு அது விபத்து. அவளுக்கு அது காலம் முழுக்க மாமியார் வீட்டில் சொல்லிக்காட்டும் கதை.

ஆபத்து பொய் என்று சொல்லவில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அகாடமி. அந்தக் கழுத்து ஹெல்மெட்டின் எடையையும் குலுக்கலையும் தாங்காது. பின்சீட்டைவிட ட்ரெய்லர் நல்லது என்றும் அது சொல்கிறது. கவிழ்ந்தாலும் குழந்தை விழும் உயரம் குறைவு. ஆனால் பாடியிலிருந்து ஆவடிவரை சிடிஎச் ரோட்டில் அந்தத் தாழ்வே ஆபத்து. தண்ணீர் லாரியின் சீட்டில் இருப்பவர் கண்ணுக்குத் தரையோடு வரும் துணிப்பெட்டி தெரியாது, எவ்வளவு உயரமாகக் கொடி கட்டினாலும். சீட்டோ, ட்ரெய்லரோ, ஏரிக்கரையில் வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் வழியில் சாலைக்குத்தான் வந்தாகவேண்டும். 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையையே ஏற்றுக்கொண்டது. அம்பத்தூர் அதற்கு மூன்று வருடம் முன்பே மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. சைக்கிள் தடத்தை அந்தச் சாலையில் தேடிப் பாருங்கள்.

விதிகள் எழுதியவர்களின் கற்பனையும் சுவாரசியமானது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பைக்கின் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கச் சொல்கிறது, பின்னால் இருப்பவரின் துணி சிக்காதிருக்க. சேலை கட்டிப் பின்னால் உட்காரும் பெண்ணை விதி நினைத்துவிட்டது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக்கூடாது என்ற திருத்தம் 2022இல்தான் வந்தது. அதுவும் மோட்டார் வண்டிக்கு. சைக்கிள் கேரியரில் தொங்கும் குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போவது எலும்பு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த காயம். ஒரு தகடு போதும் அதைத் தடுக்க.

இதெல்லாம் பொழுதுபோக்கு விவகாரமல்ல. ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலைசெய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களுக்கு அதை விரித்தது, தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கவும் அனுமதித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டின் துணி ஏற்றுமதி கம்பெனிகளில் தைப்பவர்களுக்காக எழுதியது போலவே இருக்கிறது. ஆனால் காலை எட்டரை ஷிப்டுக்கு அந்தக் குழந்தை அங்கே எப்படி வந்துசேரும்? ஷேர் ஆட்டோவில் மடியில் நசுங்கியா? கள்ளிக்குப்பம் பக்கமிருந்து வருபவளுக்குச் சில கிலோமீட்டர்தான், சைக்கிள் தூரம்.

சைக்கிளின் பின்சீட்டுக்கான ஐரோப்பியத் தரம் 9 முதல் 22 கிலோவரை எடையுள்ள குழந்தைகளுக்கானது. நம் கணக்கில், ஒரு வயதைத் தொடும் பிள்ளையிலிருந்து எல்கேஜி, யுகேஜிவரை. “பிள்ளை கொஞ்சம் பெருசாகட்டும்” என்று பெண்கள் வேலையை விட்டு நிற்பதும் ஏறக்குறைய அந்த வருடங்கள்தான். லேடீஸ் சைக்கிளுக்கு அந்த எடை தாங்கும் ஒரு கேரியரும் இருபுறமும் கம்பி மறைக்கும் தகடும் போடுவது அம்பத்தூர் பட்டறைகளுக்குப் பெரிய வேலையில்லை. பக்கத்து ஆவடியில் பீரங்கி வண்டியே செய்கிறார்கள்.