டீச்சரும் சாரும் ஒரே கட்டத்தில்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் வாசலில் நின்று, “டீச்சர் இருக்காங்களா?” என்று கேட்டால் பிள்ளைகள் பெண் ஆசிரியரைத்தான் தேடி ஓடுவார்கள். ஆண் என்றால் ‘சார்’. ஊர்ப் பெரியவர் வாயில் அவர் இன்றும் ‘வாத்தியார்’. ஆங்கிலத்தில் இருபாலுக்கும் பொதுவாக இருக்கும் சொல்லைத் தமிழ்ப் பேச்சு வாங்கிப் பெண்பாற்சொல்லாகவே மாற்றிக்கொண்டது. ‘டீச்சரம்மா’ உண்டு, ‘டீச்சரய்யா’ கிடையாது. ஒரு தொழிலுக்குள் பால் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதைப் பள்ளி வாசலில் நிற்கிற எவரும் காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

நம் கல்வியியல் கல்லூரிகளில் எழுதப்படும் ஆய்வேடுகளுக்குள் இந்தப் பேச்சு நுழைவதில்லை. அங்கே எல்லோரும் ‘ஆசிரியர்’தான். வினாப்படிவத்தின் முதல் பக்கத்தில் ‘பாலினம்: ஆண் / பெண்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு குறி போட்டதும் பாலைப் பற்றிய விசாரணை முடிந்துவிடுகிறது.

எம்.எட்., எம்.ஃபில்., முனைவர் பட்டம் ஆகியவற்றுக்காகத் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பலவற்றைப் படித்திருக்கிறேன், சிலவற்றுக்கு நெறியாளராகவும் இருந்திருக்கிறேன். பெரும்பாலானவற்றின் வார்ப்பு ஒன்றே. ஆசிரியர்களின் பணி நிறைவு, மனப்பான்மை, தொழில் ஈடுபாடு இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே யாரோ தயாரித்த அளவுகோலைத் தமிழாக்கி, சில நூறு ஆசிரியர்களிடம் கொடுத்து, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் உடன்படவில்லை’ வரை ஐந்தில் ஒன்றைக் குறிக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஆண்–பெண், நகரம்–கிராமம், அரசு–தனியார், மணமானவர்–மணமாகாதவர் என்று பிரித்து, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை. சோதனையின் மதிப்பு 1.96ஐத் தாண்டினால் வேறுபாடு உண்டு, தாண்டாவிட்டால் இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் பரிந்துரைகள்.

இந்த முறையை எளிதாக இகழ்ந்துவிடலாம். மாநாடுகளில் அப்படி இகழ்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இதை யார் செய்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பகலில் பள்ளியில் வேலை, மாலையில் வீட்டு வேலை, குடும்பத்தில் முதன்முதலாக மேற்படிப்பு என்றிருக்கும் பெண்கள் இவர்களில் ஏராளம். 2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகள் வரும்வரை எம்.எட். ஓராண்டுப் படிப்புதான். பாடம், தேர்வு, கற்பித்தல் பயிற்சி போக ஆய்வுக்குக் கிடைத்தவை சில மாதங்கள். அந்தச் சில மாதங்களில், பணமோ உதவியாளரோ இல்லாத ஒருவர் தன் எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முந்நூறு பேரைக் கேட்டு, எப்படிக் கேட்டேன் என்பதைப் பிறர் சரிபார்க்கும்படி எழுதிவைக்க முடிந்தது. 1932இல் உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் இந்த ஐந்து படி அளவுகோலை முன்வைத்ததே இப்படிப்பட்ட எளிமைக்காகத்தான். அதற்கு முன் தர்ஸ்டன் என்ற உளவியலாளரின் முறையில் ஒவ்வொரு கூற்றையும் மதிப்பிட ஒரு நடுவர் கூட்டமே தேவைப்பட்டது.

இன்னொரு நன்மையும் உண்டு. ‘பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு வராது’ என்று ஆசிரியர் ஓய்வறையிலேயே பேசும் சமூகம் நம்முடையது. அங்கே ஓர் ஆய்வாளர் அளந்து பார்த்து ‘வேறுபாடு இல்லை’ என்று சொன்னால், அது வெறுங்கை முடிவு அல்ல. பொய்யான நம்பிக்கை ஒன்று அன்றைக்கு எண்களின் முன் நின்று தோற்றிருக்கிறது.

குறைகளில் சில தொழில்நுட்பம் சார்ந்தவை, அவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பின்னணி மாறிகள் 7, பணி நிறைவின் உட்கூறுகள் 5 என்றால் 35 சோதனைகள். ஐந்து விழுக்காட்டு மட்டத்தில் பார்க்கும்போது, உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு சோதனைகள் தற்செயலாகவே கோட்டைத் தாண்டும். அந்த ஒன்றிரண்டைப் பிடித்துக்கொண்டு ‘ஆண் ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி தேவை’ என்று பரிந்துரை எழுதுவது காற்றில் கட்டும் சுவர். படிவம் நிரப்பப்படும் இடமும் கவலை தருகிறது. தலைமை ஆசிரியரின் மேசையில் கட்டாகக் கொடுத்து, மாலையில் கட்டாகவே திரும்ப வாங்கும் படிவத்தில் ‘என் தலைமை ஆசிரியர் என்னை நியாயமாக நடத்துகிறார்’ என்ற கூற்றுக்கு யார் எதைக் குறிப்பார்கள்?

மொழிபெயர்ப்புச் சிக்கல் இவற்றைவிட ஆழமானது. பால்சார் இயல்புகளை அளக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974இல் வெளியிட்ட பட்டியலில் 60 இயல்புகள்: ஆண்மைக்கு 20, பெண்மைக்கு 20, பொதுவாக 20. எந்த இயல்பு யாருக்கு உகந்தது என்று மதிப்பிட்டுச் சொன்னவர்கள் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். ஆண்மைப் பட்டியலில் வரும் ஓர் இயல்பை ‘இலட்சியம் உடையவர்’ என்று தமிழாக்கினால் நம் டீச்சர்கள் தயங்காமல் ‘ஆம்’ என்பார்கள். அதையே ‘பேராசை உள்ளவர்’ என்று எழுதினால் ஒருவரும் தொடமாட்டார். ஆங்கிலத்தில் சொல் ஒன்றே. பெண்மைப் பட்டியலில் உள்ள ‘விட்டுக்கொடுப்பவர்’ என்பதோ நம் ஊரில் கல்யாணப் பந்தலில் பெண்ணுக்குச் சொல்லும் பாராட்டு. பஞ்சாயத்தில் பெரிய மனிதருக்கும் அதே பாராட்டுதான். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று வகுத்துப் பேசி, பிறகு அந்த வகுப்பையே எதிர்த்தும் பேசிய நீண்ட மரபு நமக்கு இருக்கிறது. நம் பெண்மை பற்றிய கேள்விகளை அந்த வாதங்களிலிருந்து எடுக்காமல் ஒரு கலிபோர்னிய வகுப்பறையிலிருந்து இரவல் வாங்குவானேன்?

எல்லாவற்றுக்கும் எண்கள்தாம் காரணம் என்று பழிபோடுவதை நான் ஏற்கவில்லை. ஆண்ட்ரூ கிளார்க் என்ற பொருளியலாளர் 1997இல் வெளியிட்ட கட்டுரை முழுக்க எண்களால் ஆனது. பிரிட்டனில் பெண்களுக்குச் சம்பளமும் வாய்ப்பும் குறைவாக இருந்தும், ஆண்களைவிடப் பெண்களே கூடுதல் பணி நிறைவைச் சொன்னார்கள். அவர் அதைப் பதிவு செய்துவிட்டு நகரவில்லை, ஏன் என்று கேட்டார். இளம் பெண்களிடமும், அதிகம் படித்தவர்களிடமும், தாயார் உயர் தொழிலில் இருந்தவர்களிடமும் அந்த வேறுபாடு மறைந்துபோனது. ஒருவர் தன் வேலையைத் தனக்குப் பழகிப்போன எதிர்பார்ப்போடு ஒப்பிட்டே நிறைவைச் சொல்கிறார் என்ற விளக்கத்துக்கு அது அவரைக் கொண்டுசென்றது.

இதை இங்கே வைத்துப் பாருங்கள். சிறுநகரத் தனியார் பள்ளியில், அரசு ஊதியத்தில் ஒரு சிறு பகுதியை வாங்கும் பெண் ‘என் பணியில் நிறைவடைகிறேன்’ என்ற கூற்றுக்கு எதிரே ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று குறிக்கிறார். பள்ளி வீட்டுக்குப் பக்கம். மாலையில் பிள்ளைகளோடு திரும்பிவிடலாம். மாமியார் வீட்டில் எதிர்ப்பில்லாமல் கிடைத்த ஒரே வேலை அது. அதே வரிசையில் குறியிட்ட ஆண் ஆசிரியர் ஊதியத்தையும் பதவி உயர்வையும் மனதில் வைத்திருக்கலாம். இரண்டும் 5 மதிப்பெண். சராசரிகள் நெருங்கி நிற்கின்றன. ‘பாலின அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று ஆய்வேடு எழுதுகிறது. வேறுபாடு முழுவதும் அந்த 5 என்ற எண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது.

டீச்சர் வேலை பெண்ணுக்கு ஏற்றது என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதையும் அந்தக் கட்டம் அறியாது. சென்னையில் 1886இல் பிறந்து, சிறுமியாகவே கணவனை இழந்த ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற இளம் கைம்பெண்களைச் சேர்த்துப் படிக்கவைத்தார். அவர்களுடைய விடுதி திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல்வர். சடங்குகளில் முகம் காட்டக் கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் கரும்பலகையின் முன் மரியாதையோடு நின்றார்கள். அந்த விடுதி பிராமணக் கைம்பெண்களுக்காகவே அமைந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதி. ஆக, தமிழ்நாட்டில் ‘டீச்சர்’ என்ற அடையாளம் உருவாகும்போதே பாலோடு சாதியும் கைம்மையும் பின்னிக் கிடந்தன. ‘திருமண நிலை’, ‘வகுப்பு’, ‘பாலினம்’ என்று மூன்று தனிக் கட்டங்களாக வெட்டி மூன்று தனிச் சோதனை நடத்துவதற்கு முன் நெறியாளர்களாகிய நாங்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

கட்டங்களைத் தனித்தனியாக வெட்டினால் என்ன தவறிப்போகும் என்பதற்கு அமெரிக்க ஆய்வுகளிலேயே நல்ல பாடம் இருக்கிறது. சமூகவியலாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992இல் செவிலியர், தொடக்கப் பள்ளி ஆசிரியர், நூலகர், சமூகப் பணியாளர் என்று பெண்கள் மிகுந்த நான்கு தொழில்களில் 76 ஆண்களிடமும் 23 பெண்களிடமும் பேசினார். அங்கே ஆண்கள் ஒதுக்கப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத நகரும் படிக்கட்டு ஒன்று அவர்களை மேல் பதவிகளுக்குத் தூக்கிச் சென்றது. 2009இல் சமூகவியலாளர் அடியா ஹார்வி விங்ஃபீல்டு கறுப்பின ஆண் செவிலியர்களிடம் கேட்டபோது, அந்தப் படிக்கட்டு அவர்களுக்கு நகரவில்லை. வில்லியம்ஸே 2013இல் தன் கருத்தாக்கத்தின் எல்லைகளை ஒப்புக்கொண்டு திரும்ப எழுதினார்.

அந்தப் படிக்கட்டு யாருக்கு நகர்கிறது என்ற கேள்வியை இங்கே கேட்க எவ்வளவோ வாய்ப்பு. அரசுப் பணியில் பெண்களுக்கு 30 விழுக்காட்டு இடஒதுக்கீடு 1989இலேயே வந்துவிட்டது. இன்று பள்ளி ஆசிரியர்களில் பெரும்பான்மை பெண்கள். 2019 ஜனவரியில் ஆசிரியர்–அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தத்தின்போது பழைய ஓய்வூதியம் கேட்டுத் தெருவில் திரளாக உட்கார்ந்தவர்களில் டீச்சர்கள் எத்தனை எத்தனை பேர்! சங்க மேடைகளின் படங்களில் நான் காண்பதோ பெரும்பாலும் சார்களை. தெருவில் உட்கார்ந்த அந்த நாளில் அவர்கள் தங்களை யாராக உணர்ந்தார்கள், பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தலைமை ஆசிரியராகும்போது அந்த ஊர் அவரை எப்படி அழைக்கிறது என்பவையும் தொழில் அடையாளம் பற்றிய கேள்விகளே. ஐந்து படி அளவுகோலில் இவற்றுக்கு இடமில்லை.

என்னிடம் ஆய்வு செய்த ஒருவர் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர். அவருடைய ஆய்வேட்டிலும் ‘வேறுபாடு இல்லை’. வாய்மொழித் தேர்வு முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர் பேசத் தொடங்கினார். இடமாறுதல் கலந்தாய்வில் கணவரின் ஊரைப் பார்த்துத் தன் பள்ளியைத் தேர்ந்தது, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவுகளை இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு கைபேசியில் முடிப்பது, கழிப்பறை இல்லாத பள்ளியில் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தது, அந்த ஊரில் ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்து வந்து “இவளையும் உங்கள மாதிரி டீச்சராக்கணும்” என்றது. அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“அது டேட்டா இல்லையே மேடம்” என்றார்.

அப்படி நினைக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. இந்த முறையின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான். புள்ளியியல் பிழைகளைத் திருத்திவிடலாம், மொழிபெயர்ப்பைச் சீராக்கிவிடலாம். தன் தொழிலை உள்ளிருந்து அறிந்த பெண்ணை, அந்த அறிவு கணக்கில் சேராது என்று நம்பவைத்து, செருப்பைப் போல வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரச் சொல்கிறோம். சொந்த அனுபவம் சாய்வை உண்டாக்கும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகத்தான் கருதுகோள் என்ற ஒன்று இருக்கிறது. அனுபவத்திலிருந்து எழுந்த கருதுகோளை முந்நூறு பேரிடம் சோதிக்கலாம். பழைய ஆய்வேட்டிலிருந்து நகலெடுத்த கருதுகோளைச் சோதித்து என்ன பயன்?

இப்போது என்னிடம் வரும் மாணவிகளிடம், படிவம் தயாரிப்பதற்கு முன் தங்கள் பள்ளி நாள் ஒன்றைப் பத்துப் பக்கம் எழுதிவரச் சொல்கிறேன். எந்தக் கூற்றைக் கேட்க வேண்டும் என்பது அந்தப் பக்கங்களிலிருந்தே பிறக்கிறது. கழிப்பறையும் கலந்தாய்வும் கேள்விகளாக உள்ளே வந்திருக்கின்றன. டி சோதனையும் நடக்கிறது; சில இடங்களில் ஆண்–பெண் வேறுபாடு பெரிதாகவே தெரிகிறது. அந்தப் பத்துப் பக்கங்களுக்குத்தான் ஆய்வேட்டின் ஐந்து அத்தியாய அமைப்பில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அவற்றைப் பின்னிணைப்பில் சேர்த்து வருகிறோம்.