பசித்தவரோடு நின்ற பாட்டு

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் என்றதும் வீரமாமுனிவருக்கு அடுத்து நம் நினைவில் எழுபவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). தமிழின் முதல் நாவலாசிரியர் என்றே அவரை நாம் பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவருக்கு அப்பெருமையைத் தேடித் தந்தது. ஆயின், கிறித்தவ இரக்கம் இலக்கியத்தில் எவ்வாறு உருக்கொள்கிறது என்று காண விழைவோர் முதலில் நாட வேண்டிய நூல் அதுவன்று. அதற்கு ஓராண்டு முன்னர், 1878-இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களே அது என்பது நம் துணிபு.

இதனை விளங்கிக்கொள்ள அவருடைய தொடக்ககால நூலாகிய 'நீதிநூலை' அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 1859-இல் அது அச்சேறியபோது அவர் முனிசீப் பதவியில் இருந்தார். பொய், களவு, சூது, கைக்கூலி எனத் தீமைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கண்டிக்கிறார். வழக்காட வந்தோரின் கண்ணீரை நாள்தோறும் கண்ட ஒருவர் கைக்கூலியைப் பழிக்கும்போது, அதனை வெறும் ஏட்டறிவு என்று தள்ளிவிட இயலாது. மாதரைப் படிப்பித்தல் வேண்டும் என்று அக்காலத்திலேயே பாடிய துணிவும் போற்றத்தக்கது. எனினும் நூல் முழுவதும் சொல்பவர் மேலேயும் கேட்பவர் கீழேயும் நிற்கின்றனர். ஏழை அங்கே பெரும்பாலும் அறத்திற்கு எடுத்துக்காட்டாக வருகிறானேயன்றித் தன் குரலில் பேசுவதில்லை. படிக்கிறோம், தலையசைக்கிறோம், கடந்து போகிறோம்.

கீர்த்தனைகள் வேறொரு காலத்தின் குழந்தைகள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். 1877-இல், நிவாரண வேலைக்கு வந்த ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி கூலியைக் குறைத்தார். ஓர் உயிரைத் தாங்க எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்பதே அங்கே எழுந்த கேள்வி. அதே காலத்தில் மாயூரத்தில் வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி திறந்தார். இதனைக் கண்டு நெகிழ்ந்து அவரைப் புகழ்ந்து பாடியவர், 'நந்தனார் சரித்திரம்' தந்த சைவப் பெருங்கவிஞர் கோபாலகிருஷ்ண பாரதியார் என்பது இலக்கிய வரலாறு.

அப்பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனிடம் முறையிடும் கீர்த்தனை இன்றும் பாடப்படுகிறது. அதில் அறிவுரை இல்லை. பாடுபவர் கொடையாளியாகப் பேசவில்லை. அன்னமிட்ட கையே ஏந்திய கையாக மாறுகிறது. பசித்தவரோடு வரிசையில் நின்று, அவருள் ஒருவராகவே அவர் மன்றாடுகிறார். நீதிநூலில் நாம் காணாத ஏழையின் குரல் இங்கே கேட்கிறது. எல்லாக் கீர்த்தனைகளும் இத்தகையன என்று நாம் சொல்லவில்லை. சிலவற்றில் பழைய நீதிபதி மீண்டும் எழுந்து நின்று கடிந்துரைக்கிறார். அங்கே பாட்டு சற்றே இளைக்கிறது. மன்றாடும் இடங்களிலேதான் அது ஓங்குகிறது.

இக்கீர்த்தனைகளில் கிறிஸ்துவின் திருப்பெயர் வெளிப்பட ஒலிக்கவில்லையே, இவற்றைக் கிறித்தவ இலக்கியம் எனலாமா என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. ஆனால் விசுவாசத் தளர்ச்சியால் அவர் அப்பெயரை விடுத்தார் என எண்ணுதல் தவறு. தேவமாதா அந்தாதியும் பெரியநாயகி அம்மாள் பதிகமும் பாடியவர் அவர். எம்மதத்தாரும் ஒன்றாய்க் கூடிப் பாடத்தக்க பாடல்களை அவர் நாடினார். பஞ்சமும் சமயம் பார்த்து வரவில்லை அன்றோ?

மேலும், மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் இறுதித் தீர்ப்பை நினைவுகூர்வோம். அங்கே நேர்மையாளர் தாம் யாருக்கு உணவளித்தோம் என்பதை அறியாதவராய் வியந்து நிற்கின்றனர். பசித்தவனுக்குச் சோறிட்டனர், அவனுள் இருந்தவர் யாரென்று பின்னரே அறிந்தனர். பெயர் சொல்லாமலே ஆண்டவரைத் தொட்ட கைகள் அவை. வேதநாயகரின் கீர்த்தனைகளும் அத்தகையனவே. இரக்கமே அவற்றின் கிறித்தவ முத்திரை.

இவ்விலக்கிய ஆய்வு நமக்கு உணர்த்துவது என்ன? நம் பங்குகளில் கொடைக்குக் குறைவில்லை. தவக்காலச் சேமிப்பு உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையின் அரும்பணி உண்டு. ஆயினும் கொடுக்கும்போது நாம் எங்கே நிற்கிறோம்? அரிசிப் பையை நீட்டும் கை புகைப்படத்தில் தெளிவாக விழுகிறது. வாங்குபவரோ தலைகுனிந்து நிற்கிறார். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம், கதையைக் கேட்பதில்லை. இது நீதிநூலின் இரக்கம். இன்னும் கீர்த்தனையின் இரக்கம் ஆகவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இரக்கத்தின் யூபிலி ஆண்டு நிறைவுற்ற 2016-இல் வறியோருக்கான உலக நாளை ஏற்படுத்தினார். 2017 முதல் ஆண்டுதோறும் நவம்பரில் திருச்சபை அதனைக் கடைப்பிடித்து வருகிறது. அந்நாளில் ஏழைகளுக்கு விருந்திட்டு அனுப்பிவிடுதல் எளிது. அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து, அவர்கள் துயரைக் கேட்டு, அதனை நம் மன்றாட்டாக்கிப் பீடத்தின்முன் வைத்தல் அரிது. நம் அன்பியக் கூட்டங்களில் அடுத்த முறை விசுவாசிகள் மன்றாட்டை எழுதும்போது, 'ஏழைகளுக்காக' என்று பொதுப்படத் தொடங்காமல், நம் தெருவில் அடுப்பெரியாத வீட்டை மனத்தில் கொண்டு எழுதுவோமா? எழுதிய பின் அவ்வீட்டு வாசலுக்கும் சென்று வருவோமா? நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு பொதுநிலையினர் கஞ்சித்தொட்டியருகே நின்று அவ்வாறு பாடிச் சென்றிருக்கிறார்.