வீட்டு வெப்பம் எங்கே போகிறது?

இங்கிலாந்தில் அக்டோபர் பிறந்துவிட்டால் செய்தித்தாள்களிலும் வானொலியிலும் ஒரே வகையான அறிவுரைகள் தொடங்கிவிடும். கதவு இடுக்குகளை அடையுங்கள், சன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், கைப்பேசியின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள் என்று பட்டியல் நீளும். இவற்றுள் எது பெரிது, எது சிறிது என்பது மட்டும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க முனைந்த நூல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் டேவிட் மெக்கே எழுதி 2008 இறுதியில் வெளிவந்த 'சஸ்டெய்னபிள் எனர்ஜி: வித்அவுட் த ஹாட் ஏர்'. 'ஹாட் ஏர்' என்றால் சூடான காற்று. ஆங்கில வழக்கில் வெற்றுப் பேச்சு என்றும் பொருள். இரண்டு பொருளும் இந்நூலுக்குப் பொருந்துகின்றன. நாடு முழுவதன் எரிசக்திக் கணக்கையும் அலசும் பெரிய நூலாகையால், வீட்டைச் சூடாக்குவது பற்றிய பகுதியை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

மெக்கேயின் முறை எளியது. எதையும் 'நாளொன்றுக்கு இத்தனை கிலோவாட் மணி' என்ற ஒரே அலகில் சொல்லிவிடுகிறார். கிலோவாட் மணி என்பது நம் மின் கட்டணத்தில் வரும் 'யூனிட்' தான். ஒரு வீடு இழக்கும் வெப்பம் இரண்டைப் பொறுத்தது: வீட்டின் கசிவுத் தன்மை ஒன்று, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கினால் இழப்பு கிடைக்கும். ஆகவே செலவைக் குறைக்க வழிகள் மூன்றே. கசிவைக் குறைக்கலாம், வேறுபாட்டைக் குறைக்கலாம், அல்லது சூடாக்கும் கருவியை மேலும் திறமையுள்ளதாக்கலாம்.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுக் கூரைக்குக் கீழே, அறைகளின் உட்கூரைக்கு மேலே, பரண் போன்ற ஓர் இடம் அந்நாட்டு வீடுகளில் இருக்கும். அங்கு வெப்பக் காப்பு எதுவும் இல்லையென்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு டிகிரி வேறுபாட்டிற்குச் சுமார் 2 வாட் வெளியேறும். பரப்பு 50 சதுர மீட்டர், உள்ளே 20° செ., வெளியே 5° செ. என்று கொள்வோம். 50 × 2 × 15 = 1,500 வாட். ஒரு நாளைக்கு 36 யூனிட்! அதே பரணில் கனிமப் பஞ்சை ஏறக்குறைய ஓரடித் தடிமனுக்குப் பரப்பினால் 2 வாட் என்பது 0.2 வாட்டுக்கும் கீழே வந்துவிடும். இழப்பு 3.6 யூனிட்டைத் தாண்டாது. ஒரு குளிர்நாளில் மிச்சம் 32 யூனிட்டுக்கு மேல். சும்மா செருகிக் கிடக்கும் சார்ஜரோ அரை வாட் எடுத்தால் நாளுக்கு 0.012 யூனிட். பரண் ஒரே நாளில் தருவதைச் சார்ஜரிடமிருந்து பெற 2,700 நாட்கள், அதாவது ஏழு ஆண்டுகளுக்கு மேல், அதைக் கழற்றி வைக்க வேண்டும். இந்த விகித உணர்வை வாசகனுக்கு ஊட்டுவதே நூலின் தலையாய வெற்றி என்பேன்.

காற்றுக் கசிவும் இப்படித்தான். 200 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீட்டில் மணிக்கு இருமுறை காற்று முழுவதும் மாறினால், அதே 15 டிகிரி வேறுபாட்டில் சுமார் 2,000 வாட் காற்றோடு போய்விடும். இடுக்குகளை அடைத்து, மாற்றத்தை இரண்டு மணிக்கு ஒருமுறை என்று குறைத்தால் 500 வாட். ஆக, கதவிடுக்கை அடைக்கச் சொன்னவர் சொன்னது சரிதான்.

தம் சொந்த வீட்டின் எரிவாயு மீட்டரையே மெக்கே சோதனைச்சாலை ஆக்கிக்கொண்டார். கொதிகலனை மாற்றினார், வெப்பக் காப்பைக் கூட்டினார், பிறகு மீட்டரை அடிக்கடி படித்துக் குறிக்கலானார். முன்பு இதைப் போலச் சில மடங்காக இருந்த செலவு, 2007 இல் நாளொன்றுக்கு 13 யூனிட்டாக இறங்கியது. மீட்டரைப் பார்க்கப் பார்க்கச் செலவு குறைகிறது என்று வேடிக்கையாகவும் எழுதுகிறார். ஆனால் இதில் எந்தப் பங்கு கொதிகலனுடையது, எந்தப் பங்கு குளிரைப் பொறுத்துக்கொண்ட மனிதருடையது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றிவிட்டு விளைவை மொத்தமாகக் காட்டுவது, மாணவர் செய்தால் ஆசிரியர் சிவப்பு மையால் குறிக்கும் செயலல்லவா?

இங்குதான் நமக்கு நூலோடு பெரிய வேறுபாடு. தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி தாழ்த்தினால் பிரிட்டனில் இழப்பு பத்தில் ஒரு பங்கு குறையும். 20 டிகிரியிலிருந்து 15க்குக் கொண்டுவந்தால் ஏறக்குறையப் பாதியாகும். கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் மெக்கே. கணக்கில் பிழையில்லை. ஆனால் வீட்டில் இருப்பவர் யார்? நல்ல உடல்நலமுள்ள, பகலில் வேலைக்குச் சென்றுவிடும் நடுவயதினருக்கு 15 டிகிரி வெறும் அசௌகரியம். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எண்பது வயது மூதாட்டிக்கு அது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தொடும் செய்தி. குளிர்நாடுகளில் வீட்டினுள் 18° செ. ஆவது இருக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018 இல் பரிந்துரைத்தது.

இயற்பியலே இன்னொரு எச்சரிக்கை தருகிறது. 20 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதம் உள்ள அறையில் நீராவியின் அழுத்தம் சுமார் 10.5 மி.மீ. பாதரசம். அறை 15 டிகிரிக்குக் குளிர்ந்தால், அங்கு தெவிட்டிய அழுத்தமே 12.8 மி.மீ. தான். அதே நீராவி இப்போது 82 சதவீத ஈரப்பதம்! அறையைவிடக் குளிர்ந்த சுவர் மூலையில் அது நீராகவே படியலாம். 80 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தெர்மோஸ்டாட்டையும் தாழ்த்தி, இடுக்குகளையும் அடைத்து, காற்றோட்டத்துக்கு வழி செய்யாமல் விட்டால் விளைவு இதுவே. ராச்டேல் நகரில், காற்றோட்டம் போதாத வாடகை வீட்டில், நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்த இரண்டு வயதுக் குழந்தை 2020 இல் இறந்ததும், 2022 விசாரணையில் காரணம் உறுதியானதும் அந்நாட்டையே உலுக்கின. நூல் இதற்கு முந்தியது. எனினும் ஈரப்பதத்துக்கு உரிய இடம் தந்திருக்கலாம்.

மெக்கே தொடாத மற்றொரு கேள்வி, செலவு செய்பவர் யார் என்பது. பரணில் பஞ்சு பரப்புவது வீட்டுச் சொந்தக்காரர். எரிவாயுக் கட்டணம் குறைவது குடித்தனக்காரருக்கு. பின் அவர் ஏன் பரப்பப் போகிறார்? 2013 இல் பிரிட்டிஷ் அரசு 'கிரீன் டீல்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. கடனில் வீட்டைச் செப்பனிட்டு, மின் கட்டணத்தோடு சேர்த்துத் திருப்பிக் கட்டலாம். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருந்தது. கடன் பெற்ற வீடுகளோ சுமார் 14,000 மட்டுமே. 2015 இல் நிதி நிறுத்தப்பட்டது. பரணில் கிடக்கும் பழைய சாமான்களை யார் இறக்குவது என்ற தயக்கமே பலரைத் தடுக்கிறது என்ற எண்ணத்தில், பரணைக் காலிசெய்தும் தருகிறோம் என்று சொல்லிப் பார்க்கும் சிறு சோதனை ஒன்றும் 2011 இல் அறிவிக்கப்பட்டது. மனிதர் எங்கும் மனிதர்தாம். வாட் கணக்கில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

வெப்பப் பம்பு பற்றிய பகுதி காலத்தால் பழையதாகிவிட்டது. ஆனால் திசை சரியானது. குளிர்பதனப் பெட்டியைத் திருப்பி வைத்தாற்போல, வெளிக்குளிரிலிருந்து வெப்பத்தை இறைத்து உள்ளே தருவது இக்கருவி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் வெப்பம் வரை நம்பலாம் என்கிறார் ஆசிரியர். 2010 இல் பிரிட்டனில் வீடுகளில் நடந்த சோதனைகளில் பல கருவிகள் மூன்றைக்கூட எட்டவில்லை. கருவியைவிடப் பொருத்திய விதத்தில்தான் குறை அதிகம். மறுபுறம், நூல் எழுதப்பட்டபோது அங்கு மின்சாரத்தில் நிலக்கரிக்குப் பெரும்பங்கு இருந்தது. கடைசி நிலக்கரி நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. எனவே இன்று வெப்பப் பம்பின் தரப்பு அவர் காட்டியதைவிட வலுவானது. அதை அவரே திருத்தி எழுத வாய்ப்பில்லை. 2016 இல், 48 வயதில் காலமானார்.

நூல் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மேல்நிலைப் பள்ளி இயற்பியல் தெரிந்த மாணவர் பிற்சேர்க்கைக் கணக்குகளைத் தாமே போட்டுவிடலாம். நம் ஊர்க் கான்கிரீட் மாடிக்கும் அதே பெருக்கல்தான். வெப்பம் வரும் திசை மட்டும் தலைகீழ். ஆனால் சித்திரை வெயிலில் வெளிக்காற்றின் வெப்பநிலையை எடுத்துக்கொண்டால் விடை தவறும். வெயில் நேரே விழும் தளத்தின் மேற்புற வெப்பநிலையை அளந்து அதைத்தான் இட வேண்டும்.